கை வைக்காமலே நகர்ந்த சி.எம்.எம்.

திருவொற்றியூரில், கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு சின்னப் பட்டறையில் தர ஆய்வு என் வேலை. எங்களிடம் ஒரு பழைய சி.எம்.எம்., அதாவது பாகங்களைத் தொட்டு அளவெடுக்கும் இயந்திரம், இருக்கிறது: கருங்கல் மேசை, காற்றில் மிதந்து நகரும் பாலம், தொட்டதை உணரும் புரோப், அதில் மாட்டிய, நுனியில் 2 மில்லிமீட்டர் மாணிக்கக் குண்டு வைத்த ஸ்டைலஸ் என்ற ஊசி. ஒரு நாள் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், விட்டுப்போன இடத்தில் புரோப் இல்லை. ஒரு பம்ப் உறையின் துளைச் சுவரை நோக்கி வலப்பக்கமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதை ஓட்டும் ஜாய்ஸ்டிக் அருகில் ஆளே இல்லை.

ஜாய்ஸ்டிக் பிடியில் உள்ள பொத்தானை அழுத்தியிருந்தால்தான் இயந்திரம் நகர வேண்டும். விரல் வலிக்கிறது என்று அதன்மேல் ரப்பர் பேண்ட் மாட்டி வைத்திருந்தவன் நான்தான். அன்றே கழற்றி எறிந்தேன்.

“இதுவரை எடுத்த அளவெல்லாம் தப்பா?” என்று முதலாளி பதறினார். இல்லை. அளவைச் சொல்வது அச்சுகளில் பதித்த ஸ்கேல்கள்; ஜாய்ஸ்டிக் வெறும் கடிவாளம். ஆனால் அது இழுத்த இழுப்புக்குப் போய் முட்டினால் ஸ்டைலஸ் போகும், கெட்ட நேரம் என்றால் புரோப்பும் போகும். சர்வீஸ் ஆட்கள், ஜாய்ஸ்டிக்கைப் பெட்டியோடுதான் மாற்ற வேண்டும் என்றார்கள். விலையைக் கேட்ட முதலாளி போனை என் கையில் கொடுத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

பெட்டியைத் திறந்து, மின் தொடர்புகளைச் சுத்தம் செய்யும் கான்டாக்ட் கிளீனர் அடித்தேன். மூன்று நாள் சாதுவாக இருந்தது. நான்காம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. பிறகு இரண்டு மாதம், பிடியை இடப்பக்கம் லேசாகச் சாய்த்துக்கொண்டே ஓட்டினேன்.

பக்கத்துப் பட்டறையில் மோட்டார் காயில் சுற்றும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். முள் வைத்த பழைய மல்டிமீட்டரோடு வந்தார். “டிஜிட்டலை ஓரம் வை தம்பி. எண் குதித்தால் கண் பிடிக்காது. முள் குதித்தால் தெரியும்.” மின்சாரத்தை நிறுத்தி, இணைப்பைக் கழற்றி, பிடி எவ்வளவு சாய்கிறது என்பதை வோல்ட்டாக மாற்றிச் சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரை (சுருக்கமாகப் பாட்), இட-வல அசைவுக்கான எக்ஸ் அச்சினுடையதை, மெல்லத் திருப்பினார். இரு ஓரங்களிலும் முள் வழுக்கிக்கொண்டு போனது. நடுவில் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது.

காரணம் எளிது. பிடி ஓய்வெடுப்பதும் நடுவில், ஒவ்வொரு அசைவும் கிளம்புவதும் நடுவில். உள்ளே இருக்கும் கரித்தடம் அங்கேதான் தேய்கிறது. கிளீனர் தூசியைக் கழுவும். தேய்ந்த கரியைத் திருப்பித் தராது. எங்கள் பெட்டியில் 5 வோல்ட். பிடியை விட்டால் நடுவில் 2.5 இருக்க வேண்டும். எங்களுடையது 2.7 பக்கம் அலைந்தது. சிறு பிசகைக் கட்டுப்பாட்டுப் பெட்டி கண்டுகொள்ளாது. அந்த எல்லையைத் தாண்டினால் ‘போ’ என்ற கட்டளையாகவே எடுத்துக்கொள்ளும். உப்புக் காற்றின் உபயத்தில் ஒரு பற்றவைப்பும் பச்சை பூத்திருந்தது. அதையும் சுரண்டிப் புதிதாக ஈயம் வைத்தோம்.

தேரடியில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, மின்னணு உதிரிகள் விற்கும் ரிச்சி தெருவில் அதே 10 கிலோ ஓம் பாட் வாங்கி வந்தேன். மாட்டியதும் இயந்திரம் நத்தையாகிவிட்டது. ஓம் மட்டும் பார்த்தேனே தவிர கோணத்தைப் பார்க்கவில்லை. வால்யூம் கன்ட்ரோல் வகை பாட் ஏறக்குறைய 300 டிகிரி சுற்றும். ஜாய்ஸ்டிக் பிடி அசைவதோ ஓரத்துக்கு ஓரம் 60 டிகிரி. 5 வோல்ட்டில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு வோல்ட். அந்தக் குறுகிய கோணத்துக்குள் முழுத் தடமும் முடிகிற ஜாய்ஸ்டிக் வகைதான் வேண்டும். அதைச் சொல்லி வைத்து, வர இரண்டு வாரம் ஆயிற்று.

மாட்டுவது அரை மணி வேலை. கம்பிகளின் நிறத்தை முன்பே போனில் படம் எடுத்திருந்தேன். நட்டைத் தளர்த்தி, மீட்டர் 2.50 காட்டும்வரை பாட்டின் உடலைத் திருப்பி, அசையாமல் இறுக்கினேன். அண்ணன் பிடியைப் பத்துப் பதினைந்து முறை எல்லாப் பக்கமும் இழுத்துவிட்டார். ஒவ்வொரு முறையும் முள் அதே இடத்துக்குத் திரும்பியது. இயந்திரத்தைச் சரிபார்க்க வைத்திருக்கும் அளவுக் கோளத்தைத் தொட்டுப் பார்த்தேன், விட்டத்தில் மாற்றமில்லை.

மறுநாள் காலை புரோப் இடப்பக்கமாக ஊர்ந்தது. நெஞ்சு திக்கென்றது. குனிந்து பார்த்தால், இரண்டு மாதப் பழக்கத்தில் என் கட்டைவிரல் பிடியை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டிருந்தது.