உடைந்த டைல்ஸில் ஒரு பூங்கா பெஞ்சு

மொசைக் பெஞ்சு செய்கிறோம் என்று தெருவையே பூங்காவுக்கு அழைத்து, ஈரக் கலவையில் ஆளுக்கொரு சில்லைப் பதிக்கச் சொன்னால் புகைப்படம் நன்றாக வரும். பெஞ்சு நிற்காது. வெயிலில் டைல் பேஸ்ட் 20 நிமிடத்துக்குள் ஏடு கட்டிவிடும். அதன்மேல் வைத்த சில்லு மழைக்காலம் தாண்டாது.

மக்கள் கை படவேண்டியது மெஷ்ஷில், அதாவது சில்லுகளை ஒட்டும் வலைத்துணியில். சான் ஃபிரான்சிஸ்கோவின் 16வது அவென்யூவில் 163 படிகளுக்கும் அக்கம்பக்கத்தார் சேர்ந்து மொசைக் துண்டுகளைத் தனியே செய்து, பிறகே பதித்தார்கள். 2005இல் முடிந்த வேலை அது. நம் ஊருக்கும் அந்த முறைதான் சரி. முழு அளவில் வரைந்த தாள், மேலே பாலிதீன், அதன்மேல் ஃபைபர் மெஷ். சில்லுகளை மினுமினுப்புப் பக்கம் மேலே இருக்க, 3 மி.மீ. இடைவெளியில் ஒட்டவேண்டும். டைலைச் சாக்குக்குள் வைத்துப் பெரியவர்கள் உடைக்கட்டும், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு. பள்ளிக்கூடத்து வெள்ளைப் பசை வேண்டாம், நீர் பட்டால் இளகும். நீர் தாங்கும் பசையே வாங்குங்கள். காய்ந்ததும் பாலிதீனை உரித்து, ஓரடித் துண்டுகளாக வெட்டி, வரைபடத்திலும் துண்டின் பின்னாலும் ஒரே எண் போடுங்கள். எண் போடாமல் விட்டால் கொத்தனார் பாடு திண்டாட்டம்.

6 அடி நீளத்தில் இருக்கையும் சாய்மானமும் தலா ஒன்றரை அடி அகலம் என்றால் 18 சதுர அடி. டைல் 23 சதுர அடிக்கு வாங்கலாம். 20 கிலோ பேஸ்ட் மூட்டை ஒன்று, சில்லுகளின் இடைவெளியை அடைக்கும் கிரவுட் 4 கிலோ போதும். விட்ரிஃபைட் டைல் நீரை உறிஞ்சாது, வெறும் சிமெண்டில் பிடிக்காது. பாலிமர் கலந்த பேஸ்ட்தான் வேண்டும். பெஞ்சில் புதுச் சிமெண்ட் பூச்சு என்றால் 28 நாள் ஆறவிடுங்கள். பழைய பெயிண்டைச் சுரண்டாமல் ஒட்டினால் பெயிண்டோடு சேர்ந்தே உரிந்துவரும்.

மெஷ் துண்டுகளை எண் வரிசையில் பேஸ்ட்டில் பதித்து ஒரு நாள் கழித்து கிரவுட். அடர்சாம்பல் நிறமே நல்லது, வெள்ளையில் வெற்றிலைக் கறை அழியாது. இருக்கை விளிம்பில் உடைந்த முனை வரவே கூடாது; டைலின் உடையாத தொழிற்சாலை விளிம்பை வெளிப்பக்கம் வைத்து, கார்பொரண்டம் சாணைக்கல்லால் தேயுங்கள். இருக்கைக்கு வெளிர் நிறம். கறுப்பு டைல் மதியம் சுடும்.

கட்சிக்கொடி நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் திறப்பு விழாவுக்கு முன்பே சண்டை வரும். பெயர்களும் சாமி படமும் இருக்கையில் வேண்டாம். யார் மேலே யார் உட்காருவது? பெயர் போட்டே ஆகவேண்டும் என்றால் சாய்மானத்தின் பின்புறம்.

மாநகராட்சி அனுமதி எழுத்தில் இருக்கட்டும். மிச்சச் சில்லும் ஒரு கிலோ கிரவுட்டும் காவலாளியிடம் கொடுத்துவையுங்கள். ஒரு சில்லு போன குழியை உடனே அடைக்காவிட்டால், தண்ணீர் இறங்கிப் பக்கத்துச் சில்லையும் கிளப்பிவிடும்.