காவடித் தண்டும் ரெண்டு கையும்

மாமா பையன் புது வண்டி எடுத்தான். எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்த கையோடு கேட்ட முதல் கேள்வி: "மச்சான், இது நம்ம தோட்டத்துக்கு ஏறுமாடா?"

தோட்டம் என்றதும் பெரிய எஸ்டேட் என்று நினைத்துவிட வேண்டாம். போடிமெட்டு தாண்டி இடுக்கிப் பக்கம் நாலு ஏக்கர் ஏலக்காய், அவ்வளவுதான். தார் ரோடு முடிந்ததும் மூன்றரை கிலோமீட்டர் பாதை. பாதை என்பதும் மரியாதைக்குச் சொல்வது. மழை பெய்தால் வாய்க்கால், பெய்யாவிட்டால் கல். முப்பது வருஷமாக அதில் ஏறி இறங்குவது அப்பாவின் ஜீப். முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில், அதாவது ரெண்டு சக்கரமும் ஒரே தண்டில்; நாலு சக்கரத்துக்கும் பட்டை ஸ்பிரிங். மச்சானின் வண்டியில் முன்பக்கம் இண்டிபெண்டன்ட், சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனி. பெயர் வேண்டாம், சொன்னால் பாதிப் பேர் அந்தக் கம்பெனிக்காகவும் மீதிப் பேர் எதிராகவும் சண்டைக்கு வருவீர்கள்.

"ஏறாது" என்றேன், கொஞ்சம் திமிராகவே. அந்தத் திமிர் எவ்வளவு தூரம் செல்லுபடியானது என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

சாலிட் ஆக்சில் என்றால் என்ன என்று எனக்குச் சின்ன வயதில் சொல்லிக் கொடுத்தவர் எங்கள் மெக்கானிக் பாய். "காவடி தூக்குறவனைப் பாத்திருக்கியா தம்பி? ஒரு பக்கம் மேல போனா இன்னொரு பக்கம் கீழ இறங்கும். தண்டு ஒண்ணுதானே." ஒரு சக்கரம் கல்லில் ஏறும்போது, அதே தண்டு எதிர்ச் சக்கரத்தைத் தரையோடு சேர்த்து அழுத்தும். இண்டிபெண்டன்ட் என்பது ரெண்டு கை மாதிரி. இடது கையைத் தூக்கினால் வலது கைக்குத் தெரியாது. சக்கரத்துக்கு ஒரு மேல் ஆர்ம், ஒரு கீழ் ஆர்ம். சுழற்சியை ரெண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு கட்டப்பட்டிருக்கும். அங்கிருந்து சிவி ஜாயின்ட் என்ற வளையும் மூட்டு வழியாகச் சக்கரத்துக்குச் சுழற்சி போகும்.

மலைக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் வாசலிலேயே ஒரு சோதனை செய்தோம். அம்மாவின் தையல் டேப்பை எடுத்து ஜீப்பின் முன் ஹவுசிங்குக்கு (ஆக்சிலின் இரும்புக் கூடு) அடியில் அளந்தேன்: எட்டு அங்குலம். நாலு பேரை முன் பம்பரில் ஏற்றினேன். பட்டை வளைந்தது, பாடி இறங்கியது. ஹவுசிங் அதே எட்டு. அது சக்கரத்தோடு சேர்ந்து நிற்பது, பாடி எவ்வளவு இறங்கினாலும் அதற்குக் கவலையில்லை. மச்சான் வண்டியின் அடித்தகடு ஒன்பது அங்குலத்தில் இருந்தது. அவன் முகத்தில் சிரிப்பு. அதே நாலு பேர் ஏறினார்கள். ஏழரை. சிரிப்பு போய்விட்டது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி மூக்கைக் குத்தும், கல் மேல் துள்ளி இறங்கினாலும் குத்தும். எப்போது இடம் தேவையோ அப்போது பார்த்து இடம் குறையும்.

சரி, ஜீப்புக்கும் ஒரு குறை உண்டு. அந்த எட்டு அங்குலம் கூடாது, குறையாது என்பதால், ரெண்டு சக்கரத் தடமும் ஆழமாகிவிட்ட பாதையில் நடு மேட்டை ஹவுசிங் ஏர் மாதிரி உழுதுகொண்டே போகும். டிஃபரன்ஷியல் குண்டு எங்கள் ஜீப்பில் ஒரு பக்கமாகத் தள்ளி இருக்கிறது. அந்தப் பக்கம் கல் வராமல் பார்த்து ஓட்டுவது அப்பாவுக்குக் கண் மூடிக்கொண்டே வரும். எனக்கு இன்னும் வரவில்லை.

மறுநாள் மலை. ரெண்டாவது கிலோமீட்டரில் பாதையைக் குறுக்காக வெட்டும் ஒரு வாய்க்கால் இருக்கிறது. நேராக வெட்டினால் பரவாயில்லை, சாய்வாக வெட்டுகிறது. முன் வலது சக்கரமும் பின் இடது சக்கரமும் ஒரே நேரத்தில் பள்ளத்துக்கு வரும். நான்தான் முதலில் ஜீப்பை இறக்கினேன். முன் வலது அந்தரத்தில் நின்று சுற்றியது. பின் இடதும் சுற்றியது. ரெண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பூட்டும் லாக் இல்லாத டிஃபரன்ஷியல், பிடிமானமில்லாத சக்கரத்துக்கே சுழற்சியைத் தானம் செய்துவிடும். எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள்.

பின்னால் மச்சான். அவன் வண்டியின் முன் சக்கரம் எனக்கும் முன்னாலேயே தரையை விட்டது, ஒரு அடிக்குக் குறையாமல். நான் வீடியோ எடுக்க ஃபோனை எடுத்தேன். பின் ஆக்சிலில் லாக் 'டக்' என்று விழுந்தது, வண்டி ஏறிப் போய்விட்டது. ஃபோனை உள்ளே வைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் பாயிடம் புலம்பினேன். அவர் குனிந்து முன் பட்டைகளை எண்ணினார். மூட்டை ஏற்றுவதற்காக அப்பா எப்போதோ ரெண்டு பட்டை கூடுதலாகப் போட்டிருந்தார். "ஆக்சிலைத் திட்டாதே தம்பி. காவடியைக் கயிறு போட்டு இடுப்போட கட்டிட்டு ஆடலைன்னு சொன்னா எப்படி?" அந்த ரெண்டையும் கழற்றினார். அடுத்த வாரம் அதே வாய்க்காலில் சக்கரம் தொங்கி இறங்கித் தரையைத் தொட்டது, யாரும் இறங்கவில்லை.

சாலிட்டா இண்டிபெண்டன்டா என்ற இந்தச் சண்டையில் பெரும்பாலும் இதுதான் நடக்கிறது. பக்கத்தில் இருக்கும் ஸ்பிரிங்குக்கும் லாக்குக்கும் சேர வேண்டிய பெயரும் பழியும் ஆக்சில் கணக்கில் எழுதப்படுகின்றன. "சாலிட் ஆக்சில் குலுக்கும்" என்பவர்கள் முக்கால்வாசிப் பேர் 1985-இல் வந்த மாருதி ஜிப்ஸியிலோ பழைய ஜீப்பிலோ உட்கார்ந்து பட்டையின் உதையை வாங்கியவர்கள். சுசுகி ஜிம்னி 1970-இலிருந்து இன்று வரை முன்னும் பின்னும் சாலிட் ஆக்சில்தான், இப்போது பட்டைக்குப் பதில் சுருள் வடிவக் காயில் ஸ்பிரிங். நண்பர் ஒருவரின் ஜிம்னியைத் தேனிவரை ஓட்டினேன். ஆடும், ஆனால் குத்தாது.

அப்புறம் ஏன் கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராக முன்பக்கச் சாலிட் ஆக்சிலை விட்டுவிட்டார்கள்? 1998-இல் வந்த டொயோட்டா லேண்ட் குரூஸர் 100 முன்பக்கம் இண்டிபெண்டன்டுக்கு மாறியது; கரடுமுரடான நாடுகளுக்காக அதே உருவத்தில் சாலிட் ஆக்சிலோடு 105 என்று தனியாக ஒன்றையும் விற்றார்கள். மெர்சிடிஸ் ஜி கிளாஸ் 1979-இலிருந்து பிடித்துவைத்திருந்ததை 2018-இல் விட்டது. நம்மூர் மஹிந்திரா தார் 2020-இல் புதிதாக வந்தபோதும் முன்பக்கம் டபுள் விஷ்போன் என்ற மேல் ஆர்ம், கீழ் ஆர்ம் இண்டிபெண்டன்ட், பின்பக்கம் மட்டும் சாலிட். ஜீப் கம்பெனியின் ராங்லர் இன்னும் விடவில்லை.

காரணம் மலையில் தெரியாது, கீழே தெரியும். தேனி மதுரை ரோட்டில் அறுபதில் போகும்போது ஜீப்பின் ஒரு சக்கரம் குழியில் விழட்டும். தண்டு சாய்கிறது, எதிர்ச் சக்கரமும் சேர்ந்து சாய்கிறது. சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின் கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், ஸ்டீயரிங் சாமி வந்த மாதிரி உதறும். கனமான ஹவுசிங், டிஃபரன்ஷியல் எல்லாம் சக்கரத்தோடு சேர்ந்து துள்ளுகின்றன, அதை அடக்க ஷாக் அப்சார்பரால் முடிவதில்லை. மச்சான் வண்டியில் குழியில் விழுந்த சக்கரம் மட்டும் விழுந்து எழும், வண்டி தொண்ணூறில் நேராகப் போகும். அம்மா இப்போது ஜீப்பில் மதுரைக்கு வரவே மாட்டேன் என்கிறாள்.

ஆனால் மச்சானுக்குத் தைரியம் கூடிப்போனது. போன மாதம் மழைக்குப் பிறகு தோட்டத்திலிருந்து வேகமாக இறங்கியிருக்கிறான். தவறு முழுக்க அவனுடையது, அவனே ஒத்துக்கொள்கிறான். சேற்றுக்குள் மறைந்திருந்த கல், இடது கீழ் ஆர்மில் அடி. நான் போய்ப் பார்த்தபோது சக்கரத்தின் தலை உள்பக்கமாகச் சாய்ந்து, முட்டி தட்டி நடப்பவன் மாதிரி நின்றது. சிவி ஜாயின்ட்டின் ரப்பர் பூட் கிழிந்து கிரீஸ் சேற்றில் வழிந்திருந்தது. தார் ரோடுவரை எங்கள் ஜீப்தான் இழுத்து வந்தது. பார்ட்ஸ் வர, அலைன்மென்ட் பார்க்க எல்லாம் சேர்த்துப் பதினோரு நாள்.

மூன்று வருஷம் முன்னால் ஜீப்பில் மெயின் பட்டை உடைந்தது. ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்துச் சங்கிலியால் கட்டி உருட்டிக்கொண்டு வந்தோம். பழைய இரும்புக்கடையில் எடுத்த பட்டையை பாய் அன்றைக்கு இருட்டுவதற்குள் மாட்டிவிட்டார்.

நேற்று மச்சான் ஃபோன் செய்தான். சனிக்கிழமை அவன் தோட்டத்தில் காய் எடுப்பு, மூட்டை இறக்க ஜீப் வேண்டுமாம். பாயைப் பார்த்து அந்த ரெண்டு பட்டையைத் திரும்ப மாட்டச் சொல்ல வேண்டும்.