புள்ளிக் கணக்குக்கு ஒரு பூட்டு

எங்கள் நகரக் கோயிலின் புள்ளிக் கணக்கு நோட்டிலிருந்து கணினிக்கு வந்து ரொம்ப நாளாகிறது. நகரத்தாரில் கல்யாணமான தம்பதி ஒரு புள்ளி. புள்ளி வரி வசூலுக்காகப் பெயர், ஊர், கைபேசி எண், சிங்கப்பூர் முகவரி வரை அந்தக் கோப்பில் இருக்கும். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கும் காரியக்கார அண்ணன் ஒருவர் அதை வாட்ஸ்அப்பில் கேட்டார். "கொஞ்சம் பொறுங்கண்ணே, பூட்டிட்டுத் தர்றேன்" என்றேன்.

பூட்டு என்றது, சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி தரவைக் குழப்பி வைக்கும் ஏஇஎஸ் முறைதான், அமெரிக்காவில் 2001இல் தரமாக அறிவிக்கப்பட்டது. அது ஒரு நேரத்தில் 16 பைட் கொண்ட ஒரு கட்டத்தைத்தான் எடுத்துக் குழப்பும். நமக்குக் காரைக்குடி ஐந்தெழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 30 பைட். ஒரு கட்டம் நிறைந்து, இரண்டாவதில் 2 பைட் காலியாக நிற்கும். கட்டங்களை எப்படிக் கோப்பது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக ஒரே சாவியில் பூட்டும் ஈசிபி முறையில் சும்மா ஓட்டிப் பார்த்தேன். ஊர்ப் பத்தியில் தேவகோட்டைக்காரர்கள் எல்லோருக்கும் அச்சு அசலாக ஒரே குப்பை எழுத்து. சாவியே வேண்டாம், ஒரே ஊரில் எத்தனை புள்ளி என்று விரல் விட்டு எண்ணிவிடலாம்! ஜாவா நிரல்மொழியில் வெறுமனே ஏஇஎஸ் என்று மட்டும் கேட்டால் வழக்கமாகக் கிடைப்பது இந்த முறைதான், கவனம்.

அதனால் பைத்தான் நிரல்மொழியின் கிரிப்டோகிராஃபி நூலகத்தில், பூட்டுவதோடு யாராவது மாற்றினால் காட்டிக்கொடுக்கவும் செய்யும் ஜிசிஎம் முறையை எடுத்தேன். ஒவ்வொரு தடவையும் புதிதாக 12 பைட் நான்ஸ், அதாவது ஒரு தடவை மட்டும் பயன்படும் எண். ஒரே சாவியோடு அது திரும்ப வரவே கூடாது. கூடவே, மாற்றம் நடந்ததா என்று சரிபார்க்கும் 16 பைட் முத்திரை. பத்து இலக்கக் கைபேசி எண் 38 பைட்டாகி, பைட்டுகளைச் சாதாரண எழுத்தாக எழுதும் பேஸ்64இல் 52 எழுத்தாக நீண்டது; பத்தியை அகலப்படுத்த வேண்டியதாயிற்று.

எனக்கு மிகவும் பிடித்தது, பூட்டும்போதே புள்ளி எண்ணைத் துணைத் தரவாக, மறைக்காமல் முத்திரைக் கணக்கில் மட்டும் சேர்க்கும் வசதி. ஒருவர் வரிசையில் இருப்பதை வெட்டி இன்னொருவர் வரிசையில் ஒட்டிப் பார்த்தேன். முத்திரை பொருந்தவில்லை என்று நூலகம் திறக்கவே மறுத்துவிட்டது.

அப்புறம் சாவி. 32 பைட்டை 64 எழுத்தாக அச்சிட்டு, உறையில் ஒட்டி இரண்டு காரியக்காரர்களிடம் ஆளுக்கொன்று கொடுத்தோம். "தொலைஞ்சா நீயே திறந்து தரமாட்டியா தம்பி?" என்றார் அண்ணன். பெட்டகம் என்றால் ஆசாரியை வைத்து உடைக்கலாம், இதை யாராலும் முடியாது என்றேன். அவர் முகம் தெளியவில்லை. மூன்றாவதாக ஓர் உறை வங்கி லாக்கருக்குப் போனது.

மிஞ்சியது தேடல். நான்ஸ் மாறுவதால் ஒரே எண்ணும் ஒவ்வொரு தடவையும் வேறு உருவில் நிற்கிறது. கைபேசி எண்ணைத் தட்டி ஆளைக் கண்டுபிடிக்க வழியில்லை. ஒரே எண்ணுக்கு எப்போதும் ஒரே அடையாளத்தைத் தரும் எச்மேக்கை வேறொரு சாவியில் கணக்கிட்டுத் தனிப் பத்தி வைத்தேன். சரி, ஊருக்கும் அதுவே வேண்டும் என்றார்கள். அங்கே போட்டால் தேவகோட்டை வரிசைகளெல்லாம் மறுபடி ஒரே மாதிரி நிற்கும் என்பதால் மறுத்துவிட்டேன். ஊர்வாரிப் பட்டியல் கேட்பவர்களுக்கு இப்போது கோப்பைத் திறந்து எடுத்துத்தான் தருகிறேன்.