தாலிக்குப் பிந்திய கெட்டிமேளம்

தங்கையின் திருமணம் முடிந்த ஐந்தாம் நாள் அதிகாலையில், நான் அனுப்பியிருந்த திருமண வீடியோவைப் பார்த்துவிட்டு ரொறன்ரோவில் இருக்கும் பெரியம்மா வட்ஸ்அப்பில் அழைத்தார். நலம் விசாரிக்காமலே விடயத்துக்கு வந்தார்.

"தம்பி, மாப்பிள்ளை தாலியைக் கட்டிப்போட்டு எழும்பி வந்து தன்ர இடத்தில இருந்திட்டார். அதுக்குப் பிறகுதானே கெட்டிமேளம் கேக்குது! ஆர் அங்க நேரம் பாத்தது?"

மேளமில்லாமல் ஏறிய தாலியை எந்தச் சாத்திரமும் ஏற்காது என்பது அவருடைய நிலைப்பாடு. நான் தவறு மேளத்தில் இல்லை, வீடியோவில்தான் இருக்கிறது என்று விளக்க முயன்றேன். "அப்ப வீடியோவைச் சரியாச் செய்து அனுப்பு. இஞ்ச எல்லாரையும் ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறன்" என்று அழைப்பைத் துண்டித்தார்.

திருமணத்துக்கென ஒழுங்கு செய்திருந்த படப்பிடிப்பாளர் தன்னுடைய வீடியோவைக் கையில் தர மூன்று மாதமாகும் என்று சொல்லிவிட்டார். முழங்கால் சத்திரசிகிச்சையால் பயணம் செய்ய முடியாத பெரியம்மாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் சித்தப்பாவின் மகன் மணவறைக்கு எதிரே ஒரு முக்காலியில் தன்னுடைய போனைப் பொருத்தி, இரண்டு மணி நேரத்துக்குப் பத்து நிமிடம் குறைவாக முழுச் சடங்கையும் ஒரே வீச்சில் பதிவு செய்திருந்தான். போனின் ஒலியில் மண்டபத்து மின்விசிறிகளும் ஒரு குழந்தையின் அழுகையும் மட்டுமே தெளிவாக இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும். ஆகவே ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கருவியை மணவறைக் காலில் கட்டிவைத்தேன். படம் அவனுடையது, ஒலி என்னுடையது, இரண்டையும் இணைப்பது மட்டுமே மிச்சம் என்று நினைத்துக்கொண்டு திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டு விறாந்தையில் மடிக்கணினியைத் திறந்தேன். அப்படி இணைத்து அனுப்பியதைத்தான் பெரியம்மா பார்த்திருந்தார்.

திருத்தத் தொடங்கிய முதல் இரவில் நான் செய்தது எல்லோரும் செய்வதுதான். தாலி கட்டும் இடத்தில் ஒலி ஏறத்தாழ 5 நொடி பிந்தியிருந்தது. முழு ஒலியையும் பிடித்து 5 நொடி முன்னால் இழுத்தேன். தாலியும் மேளமும் பொருந்தின. மகிழ்ச்சியுடன் தொடக்கத்துக்குப் போய்ப் பார்த்தால், பிள்ளையார் பூசைக்கு ஐயர் தேங்காயை ஓங்குவதற்கு முன்பே அது உடைந்துவிட்டது. அப்போதுதான் நோய் வேறு என்று விளங்கியது. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே அளவு பிந்துகின்ற ஒலியை ஒரே இழுப்பில் சரிசெய்துவிடலாம். தொடக்கத்தில் ஒட்டியிருந்து, போகப்போக விலகுகின்ற ஒலியை எந்தப் பக்கம் இழுத்தாலும் மற்றப் பக்கம் கிழியும்.

இரண்டாம் இரவில் எனக்குக் கணக்குப் பைத்தியம் பிடித்தது. 1953இல் அமெரிக்கர்கள் கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியோடு வண்ணத்தையும் ஒத்துப்போகச் செய்வதற்காக, நொடிக்கு 30 ஆக இருந்த படச்சட்டங்களை, அதாவது பிரேம்களை, 29.97 ஆகக் குறைத்தார்கள். அந்த ஆயிரத்தில் ஒரு பங்குக் குறைவு இன்றைக்கும் வீடியோ மென்பொருள்களுக்குள் குடியிருக்கிறது. 29.97இல் பதிவானதை 30 என்று எண்ணி ஓட்டினால் ஒரு மணி நேரத்துக்கு 3.6 நொடி தவறும். தாலி கட்டியது தொடங்கி 1 மணி 20 நிமிடத்தில், அப்படியானால் 4.8 நொடி. விடை அச்சொட்டாகப் பொருந்தியதைக் கண்டு, நள்ளிரவில் தனியாக இருந்து என் தோளை நானே தட்டிக்கொண்டேன்.

அந்த ஆயிரத்தில் ஒரு பங்கைச் சரிசெய்ய ஒலியை ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளுக்குள் கொண்டுபோனேன். அங்கே தூக்கக் கலக்கத்தில், 48000 என்று இருந்த மாதிரி வீதத்தை 44100 என்று மாற்றிவிட்டேன். நொடிக்கு 48000 துளிகளாகப் பதிவான ஒலியை 44100 துளிகளாக வாசித்தால், ஒரு மணி நேரம் 65 நிமிடத்துக்கு மேல் நீளும். சுருதியும் ஒன்றரைச் சுரத்தானம் இறங்கும். ஐயர் கடும் தடிமன் பிடித்தவரைப் போல மந்திரம் சொன்னார். நாதஸ்வரம் திருமணத்துக்கு வாசித்தது போலவே இல்லை. அந்த மாற்றத்தை நீக்கிவிட்டு, முறையான கணக்கின்படி ஒலியைச் சுருக்கிப் பார்த்தேன். பிள்ளையார் பூசையும் தாலியும் சரியாக வந்தன. இடையில் இருந்த கன்னிகாதானத்தில் தங்கையின் மாமனாரின் உதடு ஒரு பக்கமும் குரல் மறுபக்கமும் போயின. விலகல் நேர்கோட்டில் போயிருந்தால் என் கணக்கு வென்றிருக்கும். இது பாம்பு போல நெளிந்து போயிருந்தது.

மறுநாள் காலை, படம்பிடித்த தம்பி ஒரு யோசனையுடன் வந்தான். கோப்பின் பெயரின் கடைசியில் இருக்கும் மூன்று எழுத்துகளை எம்பி4 என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்றான். அது அரிசி மூட்டையின் மேல் சீனி என்று எழுதிவிட்டுத் தேநீர் போடுவது போன்றது என்று சொன்னேன். அவனுக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் போகும்போது, "என்ர போனில பாத்தா எல்லாம் சரியாத்தானே இருக்கு அண்ணா" என்று முணுமுணுத்தான். மூன்று நாட்களில் யாரும் சொன்ன பயனுள்ள ஒரே வாக்கியம் அதுதான்.

உண்மையில் அவனுடைய கோப்பு போனில் ஓடும்போது படமும் அதன் சொந்த ஒலியும் ஒட்டியிருந்தன; தொகுக்கும் மென்பொருளுக்குள் இட்டவுடன் அந்தச் சொந்த ஒலியே விலகியது. போன்கள் நொடிக்கு 30 பிரேம் என்று சொல்லிக்கொண்டாலும் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதில்லை. வெளிச்சம் குறைந்தால் ஒவ்வொரு பிரேமுக்கும் கூடுதல் நேரம் எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைக்கும், பின்னர் கூட்டும். எந்தப் பிரேமை எப்போது காட்ட வேண்டும் என்ற நேரக்குறிப்பு கோப்புக்குள் இருப்பதால் போன் அதைச் சரியாகவே ஓட்டுகிறது. நான் பயன்படுத்திய மென்பொருளோ அந்தக் குறிப்பைப் பொருட்படுத்தாமல் பிரேம்களைச் சம இடைவெளியில் அடுக்கியது. ஓமப்புகை எழுந்து மணவறை மங்கிய நேரத்தில் பிரேம்கள் குறைந்தன. அங்கே படம் விரைந்து ஓட, ஒலி பின்தங்கியது. ஆக, என் தங்கையின் திருமணத்தைக் குழப்பியது பாதி அக்கினி பகவான்.

மருந்து எளியது. தொகுப்பதற்கு முன் ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் அந்தக் கோப்பை இட்டு, நொடிக்கு 30 என்று தெரிவுசெய்து, மாறாத பிரேம் வீதம் என்ற புள்ளியை அழுத்தினால் போதும். எளியது என்றாலும் என் மடிக்கணினிக்கு அது ஐந்து மணி நேர வேலை. நான்கரை மணி நேரம் முடிந்த நிலையில் மின்சாரம் போனது. பழுதான பற்றரியை மாற்று என்று மனைவி ஒரு வருடமாகச் சொல்லிவந்ததை அந்த இருட்டில் மீண்டும் ஒருமுறை சொன்னார்.

இரண்டாம் முறை மாற்றிய கோப்பு கிடைத்ததும், ஒலியையும் படத்தையும் பொருத்துவதற்காகப் படப்பிடிப்பில் அடிக்கும் கைதட்டல் பலகைக்குப் பதிலாகத் தேங்காய்களைப் பயன்படுத்தினேன். தேங்காய் உடைகிற சத்தம் ஒலி அலையில் ஒற்றைப் பனைமரம் போல நிமிர்ந்து நிற்கும். படத்திலும் அது எந்தப் பிரேமில் உடைகிறது என்று காட்டலாம். பிள்ளையார் பூசைத் தேங்காயை ஒட்டிவிட்டு, முடிவில் கண்ணூறுக்கு உடைத்த தேங்காயைப் பார்த்தபோது மூன்றிலொரு நொடி மட்டும் மிச்சமிருந்தது. ஒலிக்கருவியிலும் போனிலும் இருக்கும் படிகக் கடிகாரங்கள் பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு முரண்பட்டாலே இரண்டு மணி நேரத்தில் இவ்வளவு வரும். அதையும் நீட்டிச் சரிசெய்தேன். கன்னிகாதானத்தில் மாமனார் வாய்க்குள் குரல் திரும்பிவந்தது.

பெரிய திரையில் பார்ப்போம் என்று புளூடூத் ஒலிபெருக்கியை இணைத்து ஓட்டினேன். மறுபடியும் ஒலி பிந்தியது. அதற்கேற்ப எல்லாவற்றையும் முன்னால் நகர்த்தி, மணி மூன்றாகி, அந்த ஒலிபெருக்கியே வழமையாக நொடியில் ஐந்திலொரு பங்கு தாமதிக்கும் என்று தெரிந்து, எல்லாவற்றையும் பின்னால் நகர்த்தினேன். பொதுவாக ஒலி பிந்துவதைக் காது ஓரளவு மன்னிக்கும், முந்துவதைத்தான் மன்னிப்பதில்லை. ஒலி 45 மில்லி நொடி முந்தினாலே கண்டுபிடிப்போம், பிந்தினால் 125 வரை தெரியாது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவு. உட்துறைமுகத்தின் மறுகரையில் ஒருவர் வள்ளத்தில் ஆணி அடிப்பதைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது புதிதல்ல. சுத்தியல் மேலே எழும்போதுதான் அடித்த சத்தம் வந்து சேரும்.

காலையில் வேலியருகே பக்கத்து வீட்டு மாமி நின்றார். "தம்பி, ராத்திரி முப்பது தரம் கெட்டிமேளம் கேட்டுது. உங்கட வீட்டில எத்தனை கலியாணம்?" என்றார். அவருடைய செவ்வரத்தையை மேய வந்திருந்த நகரத்து மான் ஒன்று மட்டும் எதையும் பொருட்படுத்தாமல் நின்றது.

முப்பத்தோராம் முறை பார்த்தபோதுதான் எனக்கு வயிறு கலங்கியது. எல்லாம் பொருந்தியிருந்தன, ஆனால் கெட்டிமேளம் இன்னும் 2 நொடி பிந்தியே வந்தது. தவில்காரரின் கையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கையும் ஒலியும் ஒன்றாகவே இருந்தன. மேளம் உண்மையிலேயே 2 நொடி பிந்தித்தான் அடிக்கப்பட்டிருந்தது. கையை உயர்த்திச் சைகை காட்ட வேண்டிய பெரிய மாமா, அந்தக் கணத்தில் இரண்டு கைகளாலும் தன்னுடைய போனைப் பிடித்துத் தாலியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மாவிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அஞ்சு நொடியைத் திருத்தின உனக்கு ரெண்டு நொடி பெரிய வேலையே?" என்றார்.

ஐந்து இரவுகள் ஒலியையும் படத்தையும் ஒட்டவைத்த நான், ஆறாம் இரவில் அவற்றைத் திட்டமிட்டுப் பிரித்தேன். தாலிக்கு முந்திய நாதஸ்வர இடைவெளியில் 2 நொடியை வெட்டினேன். மேளத்தின் நடுவே அதே மேளத்தின் 2 நொடியைப் பிரதியெடுத்துச் செருகினேன். அந்த வேகத்தில் தவில்காரரின் கை எங்கே இருக்கிறது என்று யாரும் பார்க்கப் போவதில்லை. எல்லோரும் தாலியைத்தான் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை பெரிய மாமா அழைத்தார். "கனடாவில எல்லாரும் பாத்தவையாம். நான் கையைக் காட்டின நேரம் ஒரு இம்மியும் பிசகேல்லை எண்டு அக்காவே சொல்லிப்போட்டா. அடுத்த கலியாணத்துக்கும் நான்தான் காட்ட வேணுமாம்" என்றார்.