அம்மா ஏறின மலை

மூண்டு கிழமையா ஒண்டும் எழுதேல்ல, பைக் உடைஞ்சுதோ ஆள் உடைஞ்சுதோ எண்டு கேட்டவைக்கு, ஒண்டும் உடையேல்ல, அம்மா வந்து நிண்டவா.

நைரோபியில பழைய 650 சிசி பைக் ஒண்டு வாங்கி வெளிக்கிட்டு தன்சானியா, மலாவி, சாம்பியா, பொட்ஸ்வானா எண்டு இறங்கி தென்னாபிரிக்காவின்ர டேர்பன் வர அஞ்சு மாசம். இடையில லுசாக்காவில சித்தப்பா வீட்டில பத்து நாள். எண்பதுகளில எங்கட ஆக்கள் கனபேர் சாம்பியாவுக்குப் படிப்பிக்கப் போனவையெல்லே, அதில திரும்பி வராத ஒராள் இவர். பின்னேரத்தில பிளேன்ரீயோட இருந்து எங்கட திருகோணமலை உட்துறைமுக வீதியில 83 கலவரத்துக்கு முதல் இருந்த கடையளின்ர பேரை ஒண்டொண்டாச் சொல்லுவார், நான் ஓம் ஓம் எண்டு தலையாட்டுவன், நான் அப்ப பிறக்கவே இல்ல.

டேர்பன் எயார்போட்டில அம்மா என்னைப் பாக்க முதல் பைக்கைத்தான் பாத்தவா. "இதிலயோ தம்பி வந்தனீ?" சுத்திச் சுத்திப் பாத்திட்டு கைப்பையில இருந்து கோணேசர் கோயில் திருநீறை எடுத்து ஹெட்லைட்டுக்கு மூண்டு குறி இழுத்தா. லண்டனில இருந்து வந்த அக்கா தலையில கை வைச்சுக்கொண்டு நிண்டா. சூட்கேசைத் திறந்தா பாதி உடுப்பு, பாதி வறுத்து இடிச்ச கறித்தூள். அஞ்சு கிலோ! கருவாட்டை மட்டும் ஊரிலயே சித்தி பறிச்சு வைச்சிட்டாவாம், நல்லகாலம்.

டேர்பனில இந்திய வம்சாவளி ஆக்கள் கனக்க இருக்கிற சாட்ஸ்வேர்த்தில தெரிஞ்ச ஆக்களின்ர வீட்டு மேல் மாடியில தங்கினம். 1860 நவம்பரில மெட்ராஸில இருந்து முதல் கப்பல் வந்தது, பிறகு 1911 வரைக்கும் கரும்புத் தோட்டங்களுக்கெண்டு ஒன்றரை லட்சம் பேருக்கு மேல இந்தியாவில இருந்து கொண்டுவந்தவங்கள், அந்தப் பரம்பரைதான் இவையும். வீட்டு அன்ரிக்கு தமிழ் கதைக்கத் தெரியாது, ஆனா தேவாரத்தை இங்கிலிஷ் எழுத்தில எழுதி வைச்சு ராகம் பிசகாமப் பாடுறா. நாங்கள் நிண்டது ஆடி மாசம், மாரியம்மனுக்கு கூழ். அதை இங்க 'பொறிட்ஜ் பிறேயர்' எண்டுதான் சொல்லுவினம். அம்மா பனங்கட்டி போட்ட எங்கட ஆடிக்கூழை நினைச்சுக்கொண்டு வாயில வைச்சா, அது சோளமாவைப் புளிக்க வைச்ச கூழ், முகம் போன போக்கை நீங்கள் பாத்திருக்கோணும். ஆனா ரெண்டாவது கோப்பையும் வாங்கிக் குடிச்சவா.

அடுத்த கிழமை சானி பாஸ். தென்னாபிரிக்காவில இருந்து லெசோத்தோவுக்கு ஏறுற கிறவல் ரோட்டு, உச்சி 2876 மீட்டர். இலங்கையிலயே உயரமான எங்கட பீதுறுதாலகாலையே 2524தான், சுவாமி பாறையில நிண்டு கடலைப் பாத்து வளந்த எங்களுக்கு இதெல்லாம் மலையில்ல, வானம். கார் விடமாட்டாங்கள், ஃபோர் வீல் ஜீப் வேணும், மோட்டர்சைக்கிள் போகலாம். நான் தனியப் போறன் எண்டன், "நானும் வாறன்" எண்டு அம்மா ஒற்றைக்கால்ல நிண்டா. விசாக்களுக்கு அக்கா பட்டபாடு தனிப் பதிவு. கடைசியில ரெண்டு பேரும் டூர் ஜீப்பில, நான் முன்னால.

மேல போகப் போக காத்து ஐதாகும், கார்பரேட்டர் அதுக்கேத்த மாதிரிப் பெற்றோலைக் குறைக்காது, எஞ்சின் மூச்சு முட்டும், கால்வாசிப் பவர் போயிடும். முதலாம் கியரில உறுமிக்கொண்டு ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவா ஏறினன். உச்சிக்குக் கிட்ட ஒரு வளைவுக்குப் பேரே ஐஸ் கோர்னர், வெயில் படாத மூலை, அங்க ஓகஸ்ட் எண்டா குளிர்காலம். பேரை வாசிச்சுப் பாடமாக்கி வைச்சிருந்தும் முன் பிறேக்கைப் பிடிச்சன். படுத்திட்டன்.

வலப்பக்கப் பெட்டி திறபட்டு அம்மான்ர தூள் பையொண்டு வெடிச்சு வெள்ளை ஐஸ் முழுக்கச் சிவப்பு. ஜீப்பில வந்த வெள்ளைக்காரர் ரத்தமெண்டு கத்தினார். அம்மா சீலைக்கு மேல அக்கான்ர ஜக்கெற்றோட இறங்கி வழுக்கி வழுக்கி வந்து, "கால் நோகுதே?" எண்டா. இல்லையெண்டன். "பின்ன எழும்பன், தூளெல்லாம் ஈரமாகுது." டிரைவரும் நானும் பைக்கைத் தூக்க, அம்மா குந்தியிருந்து மேலால கிடந்ததை கையால வழிச்சு லஞ்ச் பெட்டிக்குள்ள போட்டுக்கொண்டிருந்தா. டிரைவர் தும்மின தும்மலுக்கு ஜீப்புக்குள்ள இருந்த ஆக்களும் சிரிச்சவை.

மேல ஆபிரிக்காவிலயே உயரத்தில இருக்கிற பப் எண்டு போட் போட்ட இடத்தில அம்மா கண்ணாடி ஓரமா இருந்து, வெளியில கம்பளியைப் போர்த்துப் பெரிய ஊசி குத்திக்கொண்டு போற பசோத்தோ எண்ட அந்த நாட்டு இடையரைப் பாத்துக்கொண்டு தேத்தண்ணி குடிச்சா. "சாராயக்கடையில இருந்தனான் எண்டு ஊரில சொல்லிப்போடாத." சொல்லிப்போட்டன், மன்னிக்கோணும். பின்னேரம் ஆறுக்கு போடர் கேற் பூட்டுவாங்கள் எண்டதால கெதியா இறங்கிட்டம்.

அவை போய் நாலு நாள். எயார்போட்டில இருந்து தனியத் திரும்பினதுதான் இந்த அஞ்சு மாசத்தில ஓடக் கஷ்டப்பட்ட தூரம், அதைப் பற்றி இவ்வளவுதான் எழுதுவன். நேற்று வாட்ஸ்அப்பில வொய்ஸ், பின்னால பத்திரகாளி அம்மன் கோயில் மணி கேக்குது, சுகம் கேக்கேல்ல ஒண்டும் கேக்கேல்ல, "தம்பி, தூள் காய வைச்சனியே?"

வைச்சனான். ஹெல்மெட்டுக்குள்ளயும் கொஞ்சம் போயிருக்கு.