கேஷுவல் அனவுன்சர் ஆடிஷன் பாஸ்: கடைசி வார்த்தையை முழுங்காதீங்க, மத்ததெல்லாம் அப்புறம்

ஆகாசவாணில (ஆல் இந்தியா ரேடியோ) கேஷுவல் அனவுன்சர், அதாவது நிரந்தரமில்லாம அப்பப்ப டூட்டிக்குக் கூப்பிடற அறிவிப்பாளர் வேலைக்குத் தேர்வானவங்க பேனல் லிஸ்ட் வந்துருச்சு, என் பேரு இருக்கு. லிஸ்டைப் பாத்ததுலேர்ந்து வீட்ல சாப்பாடு கேக்குறதைக்கூட நியூஸ் வாசிக்கிற மாதிரியே கேட்டுட்டு இருக்கேன், "ரேடியோவ கொஞ்சம் ஆஃப் பண்ணுங்க"ன்னு வீட்டுக்காரி சொல்லியாச்சு. சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடறேன். ஏன்னா நான் தயாராகும்போது தேடித்தேடி படிச்சதுல கெடச்சதெல்லாம் "தன்னம்பிக்கையோட பேசுங்க, வெதுவெதுன்னு தண்ணி குடிங்க" ரகம்தான். தண்ணி குடிச்சா தொண்டை நனையும், அவ்ளோதான்.

எழுத்துத் தேர்வு, ஆடிஷன், அப்புறம் வாணி கோர்ஸ் (ஆகாசவாணியோட அறிவிப்பாளர் பயிற்சி), இந்த வரிசை எல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

எழுத்துத் தேர்வைப் பத்தி ரொம்ப சொல்ல ஒண்ணுமில்ல. தமிழ் இலக்கியம், நடப்பு நிகழ்வு, கொஞ்சம் இசை. டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சவங்க அசால்ட்டா தாண்டிடுவாங்க. ஒலிபரப்பு வரலாறை மட்டும் விட்றாதீங்க, மானாவாரியா கேக்குறாங்க. நான் ஒரு அட்டைல எழுதி பர்ஸ்ல வச்சிருந்தது இதுதான்:

- 1924: மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்
- 1936: ஆல் இந்தியா ரேடியோன்னு பேர் வச்சது (2023லேர்ந்து அஃபிஷியலா ஆகாசவாணி)
- 1938 ஜூன் 16: சென்னை நிலையம். 1939 மே 16: திருச்சி
- 1957 அக்டோபர் 3: விவித் பாரதி (சினிமாப் பாட்டு போடற ஆகாசவாணி சேவை)
- 1975 ஆகஸ்ட் 15: சென்னை தூர்தர்ஷன்
- 1977 ஜூலை 23: நாட்டுலயே முதல் எஃப்எம், அதுவும் நம்ம சென்னையிலதான்
- 1997: பிரசார் பாரதி (ஆகாசவாணியும் தூர்தர்ஷனும் இதுக்குக் கீழதான்)
- 1947 ஆகஸ்ட் 15 அன்னிக்கு டெல்லிலேர்ந்து தமிழ்ல சுதந்திரச் செய்தி வாசிச்சவர் பூர்ணம் விஸ்வநாதன். ஆமா, சினிமால தாத்தாவா வருவாரே அவரேதான்

போதும். இப்ப ஆடிஷனுக்கு வர்றேன்.

எல்லாரும் நெனக்கிறது இது குரலுக்கான பரீட்சைன்னு. அப்படி நெனச்சு நானும் ஒரு வாய்ஸ் கோச்சிங்ல காசு கட்டினேன், பேரெல்லாம் வேணாம், அங்க சொல்லிக் கொடுத்தது அடித்தொண்டைலேர்ந்து கரகரன்னு "வணக்கம்" சொல்றது. கூடவே அந்த கிழவன் வாழைப்பழத்தோல்ல வழுக்கி விழுற டங் ட்விஸ்டர் வேற. நூறு தடவ அந்தக் கிழவனை விழ வச்சேன், ஸ்கிரிப்டைக் கைல வாங்கினதும் பழையபடிதான் வாசிச்சேன். அதுக்கு முன்னால ஒரு தனியார் எஃப்எம்ல, உங்க தமிழ் ரொம்ப சுத்தமா இருக்கு சார், இப்படிப் பேசினா கேக்குறவங்க ஸ்டேஷன் மாத்திடுவாங்கன்னு சொல்லி அனுப்பிட்டாங்க. அந்தக் கடுப்பு இன்னும் கொஞ்சம் இருக்கு, எழுத்துல தெரிஞ்சா பொறுத்துக்கோங்க.

திருப்பம் எங்க வந்துச்சுன்னா சித்தப்பாவோட கேசட்ல. நாங்க தூத்துக்குடி பக்கம் கடலோரம். அந்தக் காலத்துல எங்க பக்கம் திருச்சியை விட இலங்கை வானொலிதான் கணீர்னு கேக்கும்னு பெரியவங்க சொல்வாங்க. அதுக்கு ஒரு கதையும் இருக்கு. இரண்டாம் உலகப்போர்ல நேச நாட்டுப் படைங்க கொழும்புல பெரிய டிரான்ஸ்மிட்டர் வச்சிருந்தாங்க, போர் முடிஞ்சதும் அது ரேடியோ சிலோனுக்கு, அதான் இலங்கை வானொலிக்கு, வந்துச்சு. இங்க 1952ல கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு மந்திரியா இருந்தப்ப சினிமாப் பாட்டே அகில இந்திய வானொலிக்கு ஆகாதுன்னு ஒதுக்கி வச்சாரு, சனம் மொத்தமும் முள்ளைத் திருப்பி கொழும்புக்குப் போயிருச்சு. இந்திக்காரங்களுக்கு அங்கேர்ந்து அமீன் சயானி, நமக்கு மயில்வாகனன்ல ஆரம்பிச்சு ராஜேஸ்வரி சண்முகம், கே.எஸ்.ராஜா, பி.எச்.அப்துல் ஹமீத்னு ஒரு பெரிய அறிவிப்பாளர் பட்டாளம். (1957ல விவித் பாரதி ஏன் வந்துச்சுன்னு கேட்டா இதுதான் பதில், எழுத்துத் தேர்வுக்கும் ஆகும்.)

சித்தப்பா ரேடியோலேர்ந்து பாட்டு பதிவு பண்ணும்போது அறிவிப்பை வெட்ட மாட்டார். மத்தவங்கல்லாம் பாட்டு மட்டும் வேணும்னு பாஸ் பட்டன்ல விரல வச்சுட்டே உக்காந்திருப்பாங்க, இவரு சோம்பேறி, ஓட விட்ருவாரு. அந்தச் சோம்பேறித்தனம்தான் எனக்குப் பாடப்புத்தகம். பாட்டை எல்லாம் தள்ளிட்டு நடுவுல வர்ற அறிவிப்பை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டேன், முக்கியமா அப்துல் ஹமீத். கொழும்புக்காரர், சின்னப் பையனா சிறுவர் நிகழ்ச்சி வழியா வானொலிக்குள்ள போனவர், அப்புறம் நாடகம், அறிவிப்பு, மேடை, பாட்டுக்குப் பாட்டு. ரேடியோல பண்ணிட்டு இருந்த அந்த நிகழ்ச்சியை சன் டிவிக்குக் கொண்டுவந்தப்ப நம்மூர்ல சின்னக் குழந்தைக்கும் அவரைத் தெரிஞ்சுது. இத்தனை வருஷ கேரியர்ல மீடியம் மாறிச்சு, நாடு தாண்டினாரு, ஆனா ஒரு பழக்கம் மாறவே இல்ல: வாக்கியத்தோட கடைசி வார்த்தை, அந்த வார்த்தையோட கடைசி எழுத்து, முழுசா நம்ம காதுல விழும். டிவில தோத்துப்போன போட்டியாளரை வழியனுப்புற ஒரு வரியிலகூட அப்படித்தான்.

இதுல என்ன பெரிய விஷயம்னு கேக்கலாம். நீங்க இப்பவே ஒரு பேப்பர் செய்தியை வாசிச்சு போன்ல ரெக்கார்ட் பண்ணிக் கேளுங்க. ஆரம்பம் கம்பீரமா இருக்கும், நடுவுல ஓடும், கடைசில மூச்சு தீர்ந்து பொசுக்குன்னு அமுங்கிடும். நம்ம மொழியில வினை கடைசிலதான் வருது. ஆமாவா இல்லையாங்கிறதே கடைசிலதான் தெரியும். எனக்கு ஆடிஷன்ல வந்தது வானிலை மாதிரி ஒரு ஸ்கிரிப்ட், அதுல ஒரு வாக்கியம் ஏறக்குறைய இப்படி: "தென் மாவட்டங்களில் அடுத்த இரண்டு நாட்களுக்குப் பலத்த காற்று வீசக்கூடும் என்றாலும் மீனவர்களுக்கு எச்சரிக்கை எதுவும் விடுக்கப்படவில்லை." இதுல அந்த "வில்லை"யை முழுங்கிட்டீங்கன்னா எங்க ஊர்ல ஒருத்தரும் போட்டை எடுக்க மாட்டாங்க. குரல் இனிமையா இருந்து என்ன பிரயோஜனம்.

அதனால நான் பண்ணினது பென்சில் வேலை. ஸ்கிரிப்ட் கைக்கு வந்ததும் கொஞ்ச நேரம் கொடுப்பாங்கல்ல, அப்ப பக்கத்துல இருந்தவங்க எல்லாம் முணுமுணுன்னு வாசிச்சுப் பாத்தாங்க, நான் வாசிக்கவே இல்ல, கோடு போட்டேன்.

- சின்ன நிறுத்தத்துக்கு ஒரு கோடு, மூச்சு எடுக்கிற இடத்துக்கு ரெண்டு கோடு
- ஒவ்வொரு வாக்கியத்தோட கடைசி வார்த்தைக்கும் அடிக்கோடு
- "நடைபெற்ற விழாவில்" மாதிரி இடம், நேரம் சொல்லி முடிக்கிற எடத்துல மூச்சு எடுக்கலாம்
- "திட்டத்தைத் தொடங்கி வைத்தார்" மாதிரி ஐ உருபுக்கும் வினைக்கும் நடுவுல கண்டிப்பா எடுக்கக் கூடாது, சேத்துதான் சொல்லணும்
- கடைசி ரெண்டு கோட்டுக்கு அப்புறம் அஞ்சாறு வார்த்தைக்கு மேல இருந்தா நடுவுல இன்னொரு மூச்சுக்கு இடம் தேடுங்க
- எண்ணெல்லாம் எழுத்தா மேல எழுதிக்கோங்க, 1,25,000ஐப் பாத்ததும் மைக் முன்னாடி மூளை நின்னுடும்

பென்சில் கொண்டு போகலாமான்னு முன்னாடியே கேட்டுக்கோங்க, என்னை யாரும் தடுக்கல.

உச்சரிப்பு: ல ள ழ, ன ண, ர ற. இதுல தடுமாறினா மத்த எதுவும் காப்பாத்தாது. ரேடியோன்னா ஒலிபரப்பு, டிவின்னா ஒளிபரப்பு, ரெண்டும் ஒரே பத்தில வர்ற மாதிரி வேணும்னே கொடுப்பாங்க. வீட்ல யாரையாவது கண்ணை மூடிட்டு கேக்கச் சொல்லி எது ரேடியோ எது டிவின்னு சொல்லச் சொல்லுங்க.

சினிமாச் செய்தி ஸ்கிரிப்ட் ஒண்ணும் வந்துச்சு. பேரு பேரா அடுக்கியிருக்கும், நடிகர், இயக்குநர், இசையமைப்பாளர், ஒளிப்பதிவாளர்னு. என்டர்டெயின்மென்ட் நியூஸ்னா குதிச்சுக்கிட்டே வாசிக்கணும்னு ஒரு நெனப்பு நம்ம ஆளுங்களுக்கு. தேவையே இல்ல. பேருக்குப் பேர் நடுவுல ஒரு நூல் இடைவெளி விட்டாலே செய்தி நின்னுடும். பாட்டு அறிமுகம் பண்ணச் சொன்னா படம், பாடினவங்க, இசை சொல்லிட்டு நிறுத்திடாதீங்க, எழுதின கவிஞரையும் சொல்லுங்க. ஆடிஷனைக் கேட்டு மார்க் போடற பேனல்ல இருந்த ஒரு அம்மா அந்த இடத்துல நிமிர்ந்து பாத்தாங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அடுத்து எல்லாரும் பயப்படற ஐட்டம், தலைப்பு கொடுத்து உடனே பேசச் சொல்றது. நான் கலகலன்னு பேசுற ஆள் இல்ல, கல்யாண வீட்லகூட ஓரமா உக்காந்து சாப்டுட்டு வர்ற டைப். எனக்கு வழிகாட்டினது தென்கச்சி கோ. சுவாமிநாதன். விவசாயம் படிச்சவரு, நெல்லை வானொலில பண்ணை நிகழ்ச்சி பண்ணிட்டு சென்னைக்குப் போயி "இன்று ஒரு தகவல்" சொல்ல ஆரம்பிச்சவரு. 2009ல காலமாயிட்டார், பதிவுகள் இன்னும் கெடைக்குது. ஏத்தம் இறக்கம் கிடையாது, உணர்ச்சி கொட்டறது கிடையாது, பக்கத்து வீட்டுப் பெரியவர் திண்ணைல பேசுற குரல். ஆனா கடைசி வரில ஒரு குட்டிக்கதையோட முடிச்சைப் போடுவார் பாருங்க, அந்த வரியை மட்டும் துளிகூட அமுக்க மாட்டார். அப்ப இங்கயும் சூத்திரம் அதேதான்: முதல்ல கடைசி வாக்கியத்தை முடிவு பண்ணுங்க, அப்புறம் அதை நோக்கிப் பேசிட்டே போங்க. எனக்கு வந்த தலைப்பு குடை. "மழை நின்ன உடனே நாம மொதல்ல மறக்குறது குடையைத்தான்"னு முடிக்கிறதா மனசுல வச்சுக்கிட்டேன். நடுவுல என்ன பேசினேன்னு எனக்கே தெரியாது, டீக்கடை, பஸ் ஸ்டாண்டு, என்னமோ வந்துச்சு, ஆனா முடிச்சது சுத்தமா முடிச்சேன்.

நீங்க வாய் ஓயாம பேசுற ஆளுன்னா இந்த ரூட் ஒத்து வராது, அமுங்கிப்போயிடுவீங்க. நீங்க கே.எஸ்.ராஜாவைக் கேளுங்க. மழை கொட்ற மாதிரி வேகம், பாட்டோட முன்னிசை மேல பேசி, பாடகர் வாய் திறக்கிறதுக்கு ஒரு நொடி முன்னால நிறுத்துவார், சினிமா விளம்பரம் சொன்னார்னா படம் பாக்கணும்னு கை பரபரக்கும்னு சித்தப்பா இன்னும் சொல்வாரு. 1989ல கொழும்புல அவரைக் கொன்னுட்டாங்க. அந்த வேகத்துலயும் கடைசி வார்த்தை தேயாதுங்கிறதைக் கவனிங்க. வேகமாப் பேசுறதும் மென்னு துப்புறதும் வேற வேற.

நியூஸ் மட்டும்தான் குறின்னு இருக்கறவங்களுக்கு சரோஜ் நாராயண்சுவாமி போதும். ஆகாசவாணியோட டெல்லி தமிழ்ச் செய்தியில அவங்க பேரைச் சொல்லி முடிக்கிற அந்த ஒரு வரியைக் கேட்டாலே எவ்ளோ நேரம் எடுத்துக்கிறாங்கன்னு புரியும், அவசரமே இருக்காது. 2022ல மறைஞ்சாங்க.

சில்லறை விஷயங்கள்:

- ஸ்கிரிப்டை ஸ்டேப்ளர் அடிச்சு கொடுத்தா கேட்டுட்டுக் கழட்டிடுங்க, பக்கத்தைப் புரட்டினா மைக்ல சரக்குன்னு கேக்கும், பக்கத்துல பக்கத்துல பரப்பி வச்சுக்கோங்க
- மைக்குக்கு நேரா வாயைக் கொண்டு போகாதீங்க, கொஞ்சம் சாய்வா. ப-வும் ட-வும் வெடிக்காது
- கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேனல் சிரிச்சாலும் தலையாட்டினாலும் பாக்காதீங்க, அவங்க டீயைப் பத்திகூட பேசிட்டு இருக்கலாம்
- தப்பா வாசிச்சா "சாரி" வேணாம், அந்த வார்த்தையைச் சரியா ஒருதடவ சொல்லிட்டுப் போயிட்டே இருங்க
- கலகலன்னு சத்தம் போடற வளையல், சாவிக்கொத்து எல்லாம் வெளிய வச்சிட்டுப் போங்க
- வெறும் வயித்தோட போகாதீங்க, வயித்துச் சத்தம் மைக்ல ஏறும், விளையாட்டுக்குச் சொல்லல

தயாரிப்புக்குன்னு தனியா நேரமெல்லாம் ஒதுக்கல. ஆபீஸ்ல அக்கவுண்ட்ஸ் வேலை, சாயங்காலம் வந்து பேப்பர்ல ஒரு தலையங்கம் எடுத்து கோடு போட்டு மொட்டைமாடில வாசிப்பேன், பையன் கீழ தெருவுல நின்னு கேப்பான். கடைசி வார்த்தை கேக்கலன்னா விசில் அடிக்கணும், அதான் அவனுக்கு வேலை. ஆரம்பத்துல விசில் நிக்கவே இல்ல, பக்கத்து வீட்டுக்காரர் வந்து என்ன பிரச்சனைன்னு விசாரிச்சாரு. ஆடிஷன் நெருங்கும்போது அவனுக்கு போர் அடிச்சு விளையாடப் போயிட்டான், அப்பதான் எனக்குத் தைரியம் வந்துச்சு.

இன்னொண்ணு, செலக்ட் ஆன சந்தோஷத்துல வேலையை மட்டும் விட்றாதீங்க. இது கேஷுவல். மாசத்துக்கு ஆறு டூட்டிக்கு மேல கெடைக்காது, அதுவும் ஸ்டேஷனுக்குத் தேவை இருந்தாத்தான். வாணி கோர்ஸுக்கு ஃபீஸ் தனி, அதை முடிச்சாத்தான் மைக். காலை டூட்டி போட்டா ஒலிபரப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே ஸ்டேஷன்ல இருக்கணும், அந்த நேரத்துக்கு உங்க ஊர்லேர்ந்து பஸ் இருக்கான்னு இப்பவே பாத்து வச்சுக்கோங்க. எங்க ஊர்லேர்ந்து இல்ல, பழைய பைக் ஒண்ணு பாத்துட்டு இருக்கேன்.