பழைய இணைப்புகளை எந்தப் பதிப்பில் நீக்குவது?

தமிழ் எழுத்துருக் குறியாக்கங்களை, அதாவது எழுத்துகளைக் கணினி எண்களாகச் சேமிக்கும் முறைகளை, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றித் தரும் சிறிய கட்டற்ற மென்பொருள் ஒன்றை நண்பர்கள் சிலருடன் தருமபுரியிலிருந்து பராமரித்து வருகிறேன். அடுத்த பெரும்பதிப்பில் எந்தப் பழைய இணைப்புகளை (பழைய குறியாக்கங்களுடனும் பிற மென்பொருள்களுடனும் இணைந்து இயங்க உதவும் பகுதிகளை) நீக்கலாம் என்பதே இப்போது எங்களுக்குள் நடக்கும் விவாதம்.

பழையது என்பதற்காக எதையும் நீக்கிவிட முடியாது. 2013-இல் வந்த லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரலான கெர்னல் 3.8, இன்டெல் 386 என்ற பழைய செயலிச் சில்லுக்கான ஆதரவைக் கைவிட்டது. ஒரே கணினியில் பல செயலிகளை இயக்கும் நிரலைத் தொடும்போதெல்லாம் அந்த ஒரு சில்லுக்காகக் கூடுதல் உழைப்பு தேவைப்பட்டதே அதற்குக் காரணம். பதிவிறக்க எண்ணிக்கையையும் நம்ப முடியாது. அரூர், பாலக்கோடு தட்டச்சு மையங்களில் மென்பொருள் பென்டிரைவில்தான் கைமாறுகிறது. அங்கிருப்பவர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் வந்து ஆங்கிலத்தில் முறையிடப் போவதுமில்லை.

ஆகவே, ஓர் இணைப்பைச் சோதிக்க ஆளும் கணினியும் இருக்கின்றனவா என்பதையே முதலில் பார்க்கிறேன். விண்டோஸ் 7-க்கான மைக்ரோசாஃப்டின் பொது ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. அதில் ஓடும் பழைய சொற்செயலிக்கான எங்கள் செருகுநிரலை (அதனுள் சேர்த்து இயக்கும் துணைநிரலை) இன்று எவரும் சோதிப்பதில்லை. சோதிக்காத ஒன்றை இயங்கும் என்று வெளியீட்டுக் குறிப்பில் எழுதுவது, அதை நம்பி அவசர மனுவைத் தட்டச்சு செய்பவருக்கு இழைக்கும் தீங்கு. எனவே அந்தச் செருகுநிரலை நீக்கிவிடலாம்.

குறியாக்கங்களை அப்படி விட முடியாது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம் (TAM), டாப் (TAB) குறியாக்கங்களையும் 2010-இல் உலகப் பொதுக் குறியாக்கமான ஒருங்குறியையும் (யூனிகோட்) தரமாக ஏற்றது. எங்கள் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்த 2004-ஆம் ஆண்டு இந்த இடைவெளியில்தான் வருகிறது. அக்காலத்து மனுக்களும் பத்திர வரைவுகளும் இன்னும் பழைய எழுத்துருக்களிலேயே பலருடைய கணினிகளில் கிடக்கின்றன. அவற்றைத் திறக்க வேண்டிய தேவை, அந்த எழுத்துருவில் எழுதுவோர் அனைவரும் ஒருங்குறிக்கு வந்த பிறகும் இருக்கும். எனவே பழைய குறியாக்கத்தில் எழுதும் வசதியை நீக்கிவிட்டு, படிக்கும் வசதியை மட்டும் காக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. படிக்கும் பகுதி ஓர் எழுத்து அட்டவணையும், மெய்க்கு முன்னால் சேமிக்கப்பட்ட கொம்பைப் பின்னால் நகர்த்தும் சில விதிகளும்தான். அந்தக் குறியாக்கங்கள் இனி மாறப்போவதில்லை என்பதால் அதற்கான பராமரிப்பும் சொற்பமே.

நீக்குவதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். பைத்தான் நிரல்மொழியின் 3.13 பதிப்பு 2024-இல் 19 பழைய தொகுதிகளை (ஆயத்த நிரல் பகுதிகளை) நீக்கியது. 2022-இல் வந்த 3.11 பதிப்பிலிருந்தே அதற்கான எச்சரிக்கை இருந்தது. எங்கள் எச்சரிக்கை, மென்பொருளைத் திறந்தவுடன் தமிழில் தெரிய வேண்டும். வெளியீட்டுக் குறிப்பைத் தட்டச்சு மையங்களில் யாரும் படிப்பதில்லை. செருகுநிரலைத் தொடர எவரேனும் முன்வந்தால், அதைத் தனி நிரல் களஞ்சியமாகப் பிரித்து ஒப்படைக்க அணியில் அனைவரும் இசைந்துள்ளோம்.